இலையின் மணம், புகையின் வாடை

தமிழில் தன் நற்பெயரை இழந்த சொற்களுள் ‘நாற்றம்’ முதன்மையானது. ஐம்புல நுகர்ச்சிகளை எண்ணிச் சொல்லும் திருவள்ளுவர், மூக்கின் நுகர்ச்சிக்கு இட்ட பெயர் நாற்றம் என்பதே. சங்கச் சான்றோர்க்கு முல்லை நாறியது, சந்தனம் நாறியது, தலைவியின் கூந்தல் நாறியது. இன்றோ அச்சொல்லை ஒருவரிடம் சொல்லிப் பார்த்தால் நட்பே முறிந்துவிடும். சொல் அதுவேதான், அதை மாந்தர் எங்கெங்குக் கொண்டு சென்று வழங்கினர் என்பதே மாறியது. சொற்களுக்கு நேர்ந்த இக்கதி பொருள்களுக்கும் நேர்வதுண்டு. அவ்வாறு பெயர் கெட்ட ஓர் இலையைப் பற்றியும், அதன் மணத்தை மனிதன் தன் மேனியில் பூசிக்கொள்ளலாமா என்பது பற்றியும் சில எண்ணங்களை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். அவ்விலை புகையிலை.

இவ்வினா நூல்களில் பிறந்ததன்று; குரோம்பேட்டையில் உள்ள எம் இல்லத்தில் பிறந்தது. சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன் துபாயிலிருந்து வந்த எம் தங்கை மகன் இரண்டு குப்பிகள் கொண்டுவந்தான். ஒன்று ஊது அத்தர். அதைப் பற்றி எவ்வழக்கும் எழவில்லை. மற்றொன்று புகையிலையும் வனிலாவும் இணைந்த வாசனைத் தெளிப்பு. மூடியைத் திறந்ததும் வெதுவெதுப்பான, தேன் கலந்தாற்போன்ற இனிய மணம் கூடமெங்கும் பரவியது. பிள்ளைகள் மகிழ்ந்தனர்; பெரியவர்களின் முகம் இறுகியது. காரணம் உண்டு. எம் அத்தா நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றில் முப்பதாண்டுகள் உழைத்தவர். நாள் தவறாமல் பீடி பிடித்தவர். நெஞ்சு நோயால் மூச்சுக்குத் தவித்து மறைந்தவர். அத்தகைய வீட்டில், புகையிலையின் மணத்தை உடுத்திக்கொண்டு பெருநாள் தொழுகைக்குப் போவதா? ‘வேண்டாம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆயினும், ஒன்றை விலக்குவதாயினும் அஃது இன்னதென்று அறிந்து விலக்குவதே கற்றோர்க்கு அழகு. எனவே ஆராயத் தலைப்பட்டோம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வழியே இந்திய மண்ணை அடைந்தது. வடபுலத்து மொழிகள் பலவும் அந்நியப் பெயரையே சற்றுத் திரித்துத் ‘தம்பாக்கு’ என்று வழங்கின. தமிழோ தன் இயல்புக்கேற்பப் புதுச்சொல் ஒன்றைப் படைத்தது. மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் அவ்வழியிலேயே சென்றன. புகை தரும் இலை ஆதலின் புகையிலை. அழகிய சொல்லாக்கம்தான்; ஆனால் அதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. பச்சையாய் நின்ற காலத்தையும், பந்தலில் உலர்ந்த காலத்தையும் விட்டுவிட்டு, எரிகின்ற அந்த ஒரு கணத்தை வைத்தே அவ்விலைக்குப் பெயரிட்டுவிட்டோம். ஆகவே புகையை நீக்கி அவ்விலையை எண்ணிப் பார்க்க நம் மொழியே நமக்கு இடங்கொடுப்பதில்லை.

நம் புலவர்கள் இவ்விலையை மறந்தாரல்லர். ‘புகையிலை விடு தூது’ என்றொரு சிற்றிலக்கியமே தமிழில் உண்டு. உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். அதை இயற்றியவர் பெயர் சீனிச்சர்க்கரைப் புலவர்! இனிய புகையிலை என்று இன்றைய வாசனை வணிகர் விளம்பரம் செய்கின்றனர். அவ்விணைப்பு நம்மிடம் நூலின் பெயரிலும் ஆசிரியரின் பெயருமாக முன்னரே அமைந்துவிட்டது. சேதுபதி மன்னர்களின் ஆதரவு பெற்றவரும், முகியித்தீன் ஆண்டவர் மீது பிள்ளைத்தமிழ் பாடியவருமான இசுலாமியப் புலவர் ஒருவரோ சவ்வாதுப் புலவர் என வழங்கப்பெற்றார். சர்க்கரையும் சவ்வாதும் புலவர்க்குப் பெயராய் அமைந்த நாட்டில், நறுமணத்தைப் பற்றி எண்ணுவதைச் சிறுபொழுதுபோக்கென்று எவரும் தள்ளிவிட மாட்டார்.

இனி, குப்பிக்குள் இருப்பது யாது? வாசனைக் கலைஞர்கள் புகையிலை என்று சொல்லும்போது புகையைச் சொல்வதில்லை. உலர்ந்த இலையைச் சொல்கின்றனர். பச்சை இலைக்கு இந்த மணம் இல்லை. பறித்த இலையை நாள்கணக்கில் உலர்த்தி, கட்டிவைத்துப் பதப்படுத்தும்போது பச்சையம் சிதைகின்றது. இலையில் உள்ள மஞ்சள் நிறமிகள் உடைந்து மணப்பொருள்களாக மாறுகின்றன. வைக்கோல், உலர்ந்த அத்தி, தேன் ஆகியவற்றை நினைவூட்டும் மணம் அப்போதுதான் பிறக்கின்றது. அவ்வாறு பிறக்கும் பொருள்களுள் ஒன்று டமாசினோன். ரோஜா எண்ணெய்க்குச் சிறப்புத் தருவதும் அதுவே. டமாஸ்கஸ் ரோஜாவின் பெயரே அதற்கு வாய்த்தது. ரோஜா அத்தரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பவர், புகையிலை மணத்தில் அதன் உறவினர் ஒருவர் குடியிருப்பதை அறிந்தால் வியப்படைவர்.

இனிமையும் வெதுவெதுப்பும் பெரும்பாலும் இலையின் தோழர்களிடமிருந்து வருவன. டோங்கா என்னும் கொட்டையில் கூமரின் என்ற பொருள் உண்டு; அது புதிதாய் வெட்டிய வைக்கோலின் மணம் உடையது. செயற்கைச் சாயத்தால் புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி பெர்க்கின் 1868இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினார். 1874இல் ஜெர்மானிய வேதியியலார் வனிலின் என்னும் வனிலாச் சத்தை ஆக்கினர். இவ்விரண்டும் கிடைத்த பின்னர் இனிய மணங்களுக்குப் புதுவழி திறந்தது. 1919இல் பாரிசின் காரோன் நிறுவனம் ‘தபா புளோன்’ என்று புகையிலையின் பெயராலேயே ஒரு வாசனையை வெளியிட்டது. 2007இல் டாம் ஃபோர்டு நிறுவனத்தின் ‘டொபாக்கோ வனீல்’ வந்த பின்னர், வளைகுடா நாட்டுக் கடைகளிலும் அவ்வகை மணம் பெருகியது. மூன்றாவது தோழர் நமக்கு மிகவும் நெருங்கியவர்: சாம்பிராணி. மேலைநாட்டார் பென்சாயின் என்று சொல்லும் பிசின், ‘லுபான் ஜாவி’ என்னும் அரபுப் பெயரின் திரிபு. ஜாவாவின் குங்கிலியம் என்பது பொருள். வெள்ளிதோறும் இல்லங்களில் தணலில் இடும் சாம்பிராணிப் புகையின் இனிமை, வனிலின் கலந்த அப்பிசினின் இனிமையே. ஆக, ‘புகையிலை’ என்று ஒட்டிய குப்பியில் வைக்கோலும் வனிலாவும் சாம்பிராணியும் பெரும்பங்கு வகிக்க, இலையின் சாறு சிறிதாக நிற்பதும் உண்டு. அதுவும் இல்லாமல் பிற பொருள்களாலேயே இலையின் சாயலை வரைந்து காட்டுவதும் உண்டு.

இவ்விடத்தில் எம் ஊரின் வரலாறு குறுக்கிடுகின்றது. குரோம்பேட்டை என்னும் பெயரே குரோம் உப்பால் தோல் பதனிட்ட தொழிற்சாலையிலிருந்து வந்தது. பல்லாவரமும் நாகல்கேணியும் தோலால் வாழ்ந்த ஊர்கள். பச்சைத் தோலின் முடைநாற்றம், சுண்ணாம்புத் தொட்டியின் நெடி, இவற்றோடு வளர்ந்தவர்கள் யாம். பிரான்சு நாட்டில் கிராஸ் என்றோர் ஊர் உண்டு. அதுவும் தோல் பதனிடும் ஊராகவே இருந்தது. செல்வர் அணியும் தோல் கையுறைகளில் வீசிய வாடையை மறைக்க அவ்வூரார் மலர்களை வளர்த்து மணமூட்டத் தொடங்கினர். பதினேழாம் நூற்றாண்டில் கையுறைக்காரரே வாசனைக்காரராயினர். காலப்போக்கில் தோல் தொழில் தேய, மணத்தொழில் நின்றது. 2018இல் அவ்வட்டாரத்தின் மணக்கலை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. வாடைக்கு அஞ்சி ஓடாமல், அதனருகே நின்று அதை மணமாக மாற்றிய மாந்தர் அவர்.

நம் இலக்கியத்திலும் இதற்குச் சான்றுண்டு. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீரில் பத்து வகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறியிருந்தன என்று இளங்கோவடிகள் கூறுகின்றார். உரையாசிரியர் காட்டும் அப்பத்துத் துவருள் திரிபலையும் அடங்கும். திரிபலையுள் கடுக்காய் அடங்கும். அதே கடுக்காய்தான் ஆவாரம்பட்டையோடு சேர்ந்து தமிழகத்துத் தோல் தொட்டிகளில் ஊறியது. ஒரே காய் மாதவியின் கூந்தலுக்கு மணத்தின் தொடக்கமாயிற்று. தொழிலாளியின் கைக்குக் கறையாயிற்று. பொருளில் குற்றமில்லை; அது சேர்ந்த இடமும் செய்த பணியும் வேறு. இக்கருத்தே எம் வினாவுக்கும் வழிகாட்டியது.

ஆயினும் எம் இல்லத்தில் தீர்ப்புரைக்கும் உரிமை நூல்களுக்கு இல்லை. அஃது எம் அம்மாவுக்கே உரியது. அத்தாவின் இறுதி மாதங்களில் இரவெல்லாம் முதுகைத் தடவி அமர்ந்திருந்தவர் அவர். குப்பியின் மணத்தைத் துணியில் தெளித்து அவரிடம் தந்தோம். நெடுநேரம் முகர்ந்தார். பின்னர், “இது உங்க அத்தா சட்டைப் பை வாசம், தம்பி. அவுங்க இருமுன வாசம் இல்லே” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சலவைக்கு முன் ஒவ்வொரு சட்டைப் பையையும் துழாவி, எஞ்சிய பீடிக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்த கை அது. எரியாத இலையையும் எரிந்த புகையையும் அக்கை முப்பதாண்டுகளாக வேறுபிரித்து அறிந்திருக்கின்றது. யாம் நூல்களில் தேடிக்கொண்டிருந்ததை அவர் இரு தொடர்களில் சொல்லிவிட்டார். பெருநாளன்று அவர் இசைவுடனேயே பிள்ளை அதை அணிந்தான்.

மாணவச் செல்வங்கள் இதைக் கொண்டு புகைக்கு இசைவு கிடைத்ததாகக் கருதிவிடலாகாது. நம் புறநகரின் இரயில் நிலையம் ஒன்றுக்குச் சானடோரியம் என்பதே பெயர். 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளர்க்கெனத் தாம்பரத்தில் தொடங்கிய காப்பகத்தின் நினைவு அது. இன்றும் நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை அங்கே இயங்குகின்றது. மூச்சின் அருமையை அறிய அவ்வாயிலில் சிறிது நேரம் நின்றாலே போதும். நெல்லை மாவட்டத்து மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள், புகைக்காமலே இலைத்தூளோடு வாழ்நாளைக் கழிக்கின்றனர். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு நாடெங்கும் தடை உள்ளது. இவையனைத்தும் உண்மை. மணம் இனிதென்பதால் பொருள் நன்றாகிவிடாது. பொருள் தீதென்பதால் அதன் மணம் பொய்யாகிவிடுவதும் இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்தில் நிறுத்தும் பக்குவமே கல்வி.

ஒரு முரண்நகையையும் ஈண்டுச் சுட்ட வேண்டும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரில் செப்புக் கலங்களில் வடிக்கப்பெறும் மலர் அத்தர்களில் பெரும்பங்கு நெடுங்காலமாக மெல்லும் புகையிலைக்கும் பான் மசாலாவுக்குமே சென்றுவந்தது. நச்சை இனிப்பாக்குவதற்கு மலர் பயன்பட்டது. இந்தக் குப்பியிலோ இலையே மலரின் பணியைச் செய்கின்றது. எவர் நுரையீரலையும் வாயையும் கேட்கவில்லை. இரண்டில் எது மணத்திற்கு இழிவு என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளட்டும்.

இனி, இவ்வகை மணத்தைத் தேர்வோர்க்கு எம் பட்டறிவில் கண்ட சில. திருவல்லிக்கேணி அத்தர்க் கடையிலோ, தாம்பரத்துச் சந்தைத் தெருவிலோ, எங்கு வாங்கினும் மூடியை முகர்ந்து முடிவெடுத்தல் கூடாது. மணிக்கட்டில் ஒரு துளி தொட்டுக்கொண்டு வெளியே வந்து அரைமணி நேரம் உலவ வேண்டும். முதலில் எழும் எலுமிச்சையும் இஞ்சியும் விரைவில் கலைந்துவிடும். அடியில் தங்கி மணிக்கணக்கில் நம்மோடு வருபவை இலையும் வனிலாவும் சாம்பிராணியுமே. வாங்குவது அவற்றைத்தான். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு சோர்ந்துவிடும். சில வகைகளில் எரிந்த கட்டையும் தாரும் போன்ற வாடை வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றது. அவற்றை விடுத்து, வைக்கோலும் தேனும் மேலோங்குவதைத் தேர்க. கூமரின் சிலர்க்குத் தோல் ஒவ்வாமை தரக்கூடும். எனவே முழங்கையின் உட்புறம் ஒரு நாள் தடவிப் பார்த்தல் நலம். தெளிப்புகளில் உள்ள ஆல்கஹாலைக் குறித்து ஐயமுடையோர் எண்ணெய் வடிவிலான அத்தரை நாடலாம். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டறிக. அத்தரிலும் உண்மைச் சந்தனத் தைலம் அருகி, வேறு எண்ணெய்கள் அடித்தளமாய் வருவதை நினைவிற்கொள்க.

பருவமும் பார்க்க வேண்டும். இம்மணம் குளிர்நாட்டார் கம்பளிக்கென ஆக்கியது. சித்திரை வெயிலில் வியர்வையோடு கலந்தால் திகட்டும், தலைவலி தரும். ஐப்பசி அடைமழையிலும், மார்கழி, தை மாலைகளிலும் அதன் வெதுவெதுப்பு போர்வை போல் இதமளிக்கும். எம் அத்தா தோல் கூடத்திலிருந்து வந்து குளித்து, மஃரிபுத் தொழுகைக்குப் புறப்படுமுன், அத்தர் நனைத்த சிறு பஞ்சைக் காது மடலின் உட்குழியில் செருகிக்கொள்வார். அண்மையில் நிற்பவர் மட்டுமே அறியும் அளவு அது. குப்பியின் விசையை ஐந்து முறை அழுத்துவோர் அப்பஞ்சிடம் பாடம் கற்கலாம்.

அளவைப் பற்றிய இச்செய்தி சிறிதன்று. பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டவர் அவ்வாடையோடு பள்ளிவாசலுக்கு வரலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக ஹதீஸ் நூல்கள் கூறும். பூண்டும் வெங்காயமும் விலக்கப்பட்ட உணவல்ல. அருகில் நிற்பவரின் மூச்சுக்கு நாம் பொறுப்பாளர் என்பதே அவ்வறிவுரையின் உட்கிடை. நறுமணத்துக்கும் அந்நெறி பொருந்தும். 1931 முதல் மின்தொடர் ஓடும் கடற்கரை–தாம்பரம் தடத்தில் காலை நேரக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். தோளோடு தோள் உரச நிற்கும் அறுபதின்மருள் ஒருவர் ஆஸ்துமாவால் இளைப்பவராய் இருக்கலாம். ஒருவர் புகையால் தந்தையை இழந்தவராய் இருக்கலாம். கண்ணுக்குப் பிடிக்காததைக் கண்டால் இமையை மூடலாம். மூச்சை எத்தனை நேரம் மூடுவது? ஆகவே நெரிசலிலும், தேர்வுக் கூடத்திலும், நோயாளரைக் காணச் செல்கையிலும் எம்மணமும் இன்றிச் செல்வதே பண்பு.

பீடிப் புகையின் கொடுமை, அஃது இழுத்தவரோடு நில்லாமல் அடுத்தவர் மார்பிலும் புகுந்தது என்பதே. அவ்விலையின் மணத்தை நாம் அணிவதாயின், அக்குற்றத்தை மட்டும் அதனோடு எடுத்துச் செல்லாதிருப்போம். கைநீட்டும் தொலைவுக்குள் அடங்கி, நெருங்கி வந்து ஸலாம் சொல்பவருக்கு மட்டும் வெதுவெதுப்பாய்த் தெரிந்து, அவர் விலகிச் சென்றதும் அவரைப் பின்தொடராமல் நின்றுவிடும் மணமே நன்மணம். ஒரு துளியே போதும்.